மண்டையோட்டு வளைவு

குடிகாட்டில் ரசாயனத் தொழிற்சாலை ஒன்றில் ஒப்பந்த வேலை பார்த்த ஆரோக்கியராஜ், உயரத்தில் ஓடும் குழாயிலிருந்து தவறி விழுந்தான். உயிர் தப்பியது. மூளை வீங்கியதால் நெற்றிக்கு மேலே மண்டையோட்டில் கையகலத்துக்கு வெட்டி எடுத்தார்கள். அந்த எலும்பில் சீழ் வைத்துவிட்டது; திரும்பப் பொருத்த வழியில்லை. தலையில் பள்ளத்தோடு வீடு திரும்பினான்.

தங்கை பிரிசில்லா சிதம்பரத்தில் பொறியியல் ஆராய்ச்சி மாணவி. முரட்டு உலோகத் தகடுகளை அச்சு இல்லாமல் வளைப்பது அவள் வேலை. உருண்டை முனைக் கம்பியை இயந்திரம் தகட்டின்மேல் சுற்றிச் சுற்றி ஓட்டும். சுற்றுக்கு மயிரிழை ஆழம் இறங்கும். டைட்டானியம் அதற்கெல்லாம் லேசில் மசியாது, கிழிந்துவிடும். அடியிலிருந்து சூடு கொடுத்தால்தான் இணங்கும். அதுவரை வெறும் கூம்புகள் செய்துகொண்டிருந்தவள், ஒருநாள் மண்டையோட்டு ஸ்கேன் படம் ஒன்றைப் பேராசிரியர் கனகசபாபதி முன்னால் வைத்தாள்.

"சார், இந்த வளைவு வருதான்னு பாக்கறேன்."

"யாரும்மா இது?"

"எங்க அண்ணன்."

அவர் மருத்துவமனைக்கு நடையாய் நடந்து, மண்டையோட்டுப் பள்ளத்தை டைட்டானியத் தகட்டால் மூடிப் பார்க்க அங்கே தொடங்கவிருந்த சோதனையில் ஆரோக்கியராஜைச் சேர்க்க முறைப்படி அனுமதி வாங்கிவந்தார்.

மழைக்காலம் முழுக்கத் தகடுகள் கிழிந்தன. நெற்றி மேட்டருகே வளைவு செங்குத்தாகும் இடத்தில் 'டப்'பென்று ஒரு சத்தம் வரும், அதோடு போயிற்று. சூட்டைக் கூட்டினால் மேற்பரப்பு சொரசொரத்தது. பொங்கலுக்குப் பிறகுதான் ஒன்று முழுசாகக் கிடைத்தது. மருத்துவர் அதை ஆரோக்கியராஜின் தலையில் பொருத்தித் தைத்தார்.

வீக்கம் வடிந்து முடி முளைத்ததும் பள்ளம் இருந்த இடமே தெரியவில்லை. தெருவே வந்து பார்த்தது.

"எம்புள்ள பழையபடி ஆயிட்டாண்டி" என்று அம்மா முத்தம்மாள் அழுதாள். பிரிசில்லாவும் அப்படித்தான் நம்பினாள்.

ஆனால் விழுந்து மூளையில் அடிபட்ட நாளிலிருந்து வந்த கோபம் அவனை விடவில்லை. காரணமில்லாமல் கத்துவான், கையில் கிடைத்ததை வீசுவான், கொஞ்ச நேரத்தில் ஒன்றுமே நடக்காததுபோல் சோறு கேட்பான். முன்பெல்லாம் தலையைப் பார்த்ததுமே ஜனங்கள் 'பாவம்' என்று ஒதுங்கிப் போனார்கள். இப்போது பார்க்க எதுவும் இல்லை.

மாசியில் ஒரு மத்தியானம், பேருந்து நிறுத்தத்தில் ஒரு பெண்ணின் பையைப் பிடுங்கிக்கொண்டு கத்தியிருக்கிறான். குடிகாரன் என்று நாலு பேர் சேர்ந்து அடித்துவிட்டார்கள். பிரிசில்லா ஓடிவந்தபோது உதடு கிழிந்து மண்ணில் உட்கார்ந்திருந்தான்.

"அவுரு குடிக்கலைங்க! தலையில அடிபட்டவருங்க!"

"பாத்தா நல்லாத்தானம்மா இருக்கான்?" என்றான் அடித்தவர்களில் ஒருவன்.

அவள் அண்ணனைத் தூக்கி நிறுத்தினாள். அப்படித் தெரியும்படி செய்தவளே அவள்தான்.

வீட்டில் முத்தம்மாள் மகனின் உதட்டைத் துடைத்துக்கொண்டே சொன்னாள்: "அந்தப் பள்ளம் இருந்திருந்தா எவனும் கை வச்சிருக்க மாட்டான்."

"மூடலைன்னா எங்கனா விழுந்து செத்துப் போயிருப்பாம்மா."

"தெரியும்டி. தெரிஞ்சிதான் சொல்றேன்."

அடுத்த வாரமே இன்னொரு ஸ்கேன் வந்தது. கீரப்பாளையத்துக்காரர், லாரி மோதியவர். பிரிசில்லா இயந்திரத்தைத் தொடவில்லை. மருத்துவரிடம் கேட்டுக்கொண்டு அவர் வீட்டுக்கே போனாள். மனைவி இளமதி நாற்காலி எடுத்துப் போட்டாள்.

"மூடிட்டா பழையபடி பேசுவாராக்கா?"

"தெரியலைங்க. தலை மூடும். அதுக்கு மட்டுந்தான் நான் பொறுப்பு. அப்புறம் அவுரு நல்லாயிட்டாருன்னு ஊரே நெனைக்கும். இன்னும் நோயாளிதான்னு நாலு பேருகிட்ட முன்னாடியே சொல்லி வச்சிடுங்க."

இளமதியின் முகம் வாடிவிட்டது. உள்ளே எட்டிப் பார்த்தாள். அவர் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்திருந்தார்.

"செய்யுங்க" என்றாள்.

பிரிசில்லா பேருந்து பிடித்துச் சிதம்பரம் வந்தாள். புதுத் தகட்டை இயந்திரத்தில் மாட்டி, அடியில் சூட்டைப் போட்டாள்.