பைலட் வரவில்லை

கொல்கத்தாவின் கார்டன் ரீச்சிலிருந்து கிளம்பிய டாக்சி நெரிசலில் மாட்டிக்கொண்டது. மகேஸ்வரி விமான நிலையத்துக்கு வந்தபோது கவுண்டரை மூடியிருந்தார்கள். சென்னையில் மகள் ஜெயப்ரியாவுக்கு வலி கண்டிருந்தது. குழந்தை குறுக்கே கிடப்பதால் ஆபரேஷன் என்றார்கள்.

"அரசாங்க ஃப்ளைட் என்னிக்கு நேரத்துக்குக் கிளம்பியிருக்கு?" என்ற கணவரின் பேச்சை நம்பி வந்தவள் அங்கேயே அழுதுவிட்டாள்.

நரைத்த தலையுடன் ஒரு பெண் ஊழியர், "ஆஷுன் தீதி, ஜல்தி!" என்று அவள் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு ஓடினார். கதவைச் சாத்தும் நேரத்தில் மகேஸ்வரி ஏறிவிட்டாள்.

விமானம் நகரவில்லை. பைலட் இன்னும் வரவில்லை என்று ஒரு மணி நேரம் கழித்து அறிவித்தார்கள். அப்போது மருமகன் அழைத்தான்.

"அத்தை, பொண்ணு பொறந்திருக்கா. ரெண்டு பேரும் நல்லா இருக்காங்க."

அவள் முகத்தைப் பார்த்த பக்கத்து இருக்கைக்காரர், "பைலட் வந்தாச்சாம்மா?" என்று கேட்டார்.

"பேத்தி வந்துட்டா," என்றாள் மகேஸ்வரி.