பதினேழாம் நம்பர் கடை

சாக்குப் படுதா பாதியில் சிக்கிக்கொண்டது. பூவாத்தாள் மறுபடியும் வெடுக்கென்று இழுத்து விலக்கினாள். உள்ளே கயிற்றுக் கட்டுகளுக்கு நடுவே, சுவரோரம் அப்பா மயில்சாமி கிடந்தார். கடை திறந்ததும் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சாய்ந்தவர்தான். கூப்பிட்டாள்; அசையவில்லை. மூக்கருகே விரல் வைத்துப் பார்த்தாள், ஒன்றும் தெரியவில்லை.

கத்த ஓடியவள் வாசலில் நின்றுவிட்டாள்.

அந்தத் தெருவில் ஒரு கடைக்காரர் செத்தால் வரிசை முழுக்கப் பலகை போட்டுக் கடைகளைச் சாத்திவிடுவார்கள். இன்றோ நகரசபை ஓவர்சீயர் வரும் நாள். தெருவை அகலமாக்கி, புது மார்க்கெட் கட்டப்போகிறார்கள். படுத்துவிட்ட வியாபாரம் அதில்தான் எழுந்திருக்குமாம். இன்று திறந்திருக்கும் கடைக்கு மட்டும் அங்கே இடம்.

"அன்னைக்கு ஊடே பத்தி எரிஞ்சாலும் கடையச் சாத்தக் கூடாது கண்ணு" என்று ஒரு மாதமாகச் சொல்லிக்கொண்டிருந்தார் அப்பா. அம்மா போத்தனூரில், அக்காவின் பிரசவத்துக்குப் போயிருந்தாள்.

பூவாத்தாள் படுதாவை இழுத்து மூடிவிட்டுக் கல்லாவில் உட்கார்ந்தாள்.

"ஏனம்மணி, உங்கொப்பன் எங்க?" என்றார் எதிர்க்கடை அரங்கசாமி.

"தூங்கறாருங்க மாமா. ராத்திரியெல்லாம் இருமலுங்க."

"மார்க்கெட்டு வந்தாத் தூங்க நேரமிருக்காதுன்னு இப்பவே தூங்கிக்கறாராட்ட இருக்குது!"

அவளும் சிரித்துவைத்தாள்.

மாட்டுக்கயிறு கேட்டு ஒருவர் வந்தார். முழம் போட்டுக்கொண்டிருக்கையில் உள்ளே என்னவோ உருண்டது.

"உள்ள ஆராச்சும் இருக்கறாங்களா அம்மணி?"

"பெருச்சாளிங்க" என்றாள், திரும்பாமல்.

பதினோரு மணிக்கு ஓவர்சீயர் வந்தார். கடைப்பலகையில் தாரால் 17 என்று எழுதினார்.

"இடம் உங்கப்பா பேர்லதாம்மா. திங்கக்கிழமை அவரே வந்து கையெழுத்துப் போடணும். வேற ஆரும் போட முடியாது."

"சரிங்க" என்றாள்.

அவர் தெருமுனை திரும்பியதும் படுதாவை விலக்கினாள். சுவரோரம் கிடந்த அப்பா அங்கே இல்லை. படுதாவுக்கு ஒரு முழம் உள்ளே, அவள் காலடியில் குப்புறக் கிடந்தார். தண்ணீர்ச் சொம்பு கவிழ்ந்திருந்தது. நீட்டிய விரல்களுக்குள் சாக்கு நார் கொஞ்சம் இருந்தது.

அவள் போட்ட சத்தத்தில் அரங்கசாமி ஓடிவந்தார். கொஞ்ச நேரத்தில், வெளியே ஒவ்வொரு கடையாகப் பலகை விழும் சத்தம் கேட்டது.

அரங்கசாமி ஈரத் தரையைப் பார்த்தார். சொம்பை எடுத்து நிமிர்த்திவைத்தார். துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

"கடைசியா நீயாச்சும் தண்ணி குடுத்தயே, அது போதும் கண்ணு. ஒரு வாயாவது குடிச்சாரா?"