நடுவில் நிற்க வேண்டிய குமிழ்

என் அத்தான் முனெயோஷி பழைய ப்ரீஆம்ப் வாங்கப் போனால் பெண் பார்க்கப் போகிற மாதிரி நாலு பேரைத் திரட்டிக்கொண்டு போவார். அந்த நாலு பேரும் ஒவ்வொருவராகக் கழன்றுகொண்டுவிட்டதால் இந்தத் தடவை நான் அகப்பட்டேன். என்னிடம் வேன் இருக்கிறது. மற்றபடி பாட்டில் எனக்கு ஒரு மண்ணும் தெரியாது என்பது அவருடைய தீர்ப்பு.

ப்ரீஆம்ப் என்பது ரெக்கார்டு முள்ளிலிருந்து வரும் சன்னமான ஒலியை வாங்கிப் பக்குவப்படுத்திப் பெரிய ஆம்ப்ளிஃபயருக்கு அனுப்புகிற பெட்டி. பாட்டின் உயிரே அதில்தான் இருக்கிறது என்பார் அத்தான். ஆனால் அன்றைக்கு அவர் தேடியது வேறு ஒன்று. ஒரு காலத்தில் ஞாயிற்றுக்கிழமை சாப்பாடு முடிந்ததும் அவரும் என் அக்காள் கினுயோவும் சேர்ந்து உட்கார்ந்து பாட்டுக் கேட்பார்கள். பிறகு அக்காள், "இரைச்சலா இருக்குங்க" என்று சொல்லி அந்த அறைப் பக்கமே வராமல் போனாள். வருஷக்கணக்காகிவிட்டது. பெட்டியை மாற்றினால் அவள் வருவாள் என்று அத்தான் நம்பினார்.

"ரிட்டயர் ஆனப்புறம்தான் தெரியுது, தனியா கேக்க நல்லாவே இல்லடா யசுவோ" என்றார் வேனில். அவர் வாயிலிருந்து அப்படி ஒரு பேச்சு வந்து நான் கேட்டதில்லை. பச்சை சிக்னல் விழுந்தது தெரியாமல் நின்றுவிட்டேன். பின்னாலிருந்தவன் ஹார்ன் அடித்தான்.

நிப்பொன்பாஷி கடைத்தெருவில் பழைய ஆடியோ சாமான் விற்கிற குரிமோத்தோ அம்மாவின் கடை. கேட்டுப் பார்க்கிற அறை மாடியில். செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே போனதும் அத்தான் நடு நாற்காலியைப் பிடித்துக்கொண்டார். இரண்டு ஸ்பீக்கருக்கும் சம தூரத்தில் இருக்கிற அந்த ஒரு நாற்காலியில்தான் பாட்டு முழுசாகக் கேட்குமாம். கூட வந்தவன் சுவரோரம் நிற்க வேண்டும், இருமக்கூடாது. வீட்டிலும் இதே சட்டம்தான். அங்கே சுவரோரம் உட்கார்ந்தவள் அக்காள்.

துணியில் சுற்றி எடுத்து வந்திருந்த ரெக்கார்டை அத்தான் நீட்டினார். பியானோவோடு ஒரு பெண் பாடுகிற அந்த ரெக்கார்டு அக்காளுக்கு உயிர்.

முதல் பெட்டிக்கு, "குரல் காஞ்சு கெடக்கு" என்றார். வால்வு போட்ட இரண்டாவது பெட்டிக்கு, "கீழ்ச்சத்தம் கொழகொழன்னு இருக்கே" என்றார்.

"அத்தான், பாட்டு கேக்குறீங்களா, கஞ்சி குடிக்கிறீங்களா?"

"நீ பேசாம நில்லு."

குரிமோத்தோ அம்மா சிரிப்பை அடக்கிக்கொண்டு மூன்றாவது பெட்டியை இழுத்தார். அதைப் பார்த்ததும் அத்தானுக்கு முகம் மலர்ந்துவிட்டது.

"அட, இது நான் வச்சிருந்த மாடல். நல்ல பெட்டிதான். இந்தப் பேலன்ஸ் குமிழ் தொல்லையாலதான் தள்ளிவிட்டேன்." இடது ஸ்பீக்கருக்கு எவ்வளவு, வலதுக்கு எவ்வளவு என்று பங்கு பிரிக்கிற குமிழ் அது. "வீட்டுக்காரி தூசி தட்டுறேன்னு அதைத் தள்ளி வச்சிடுவா. நான் உக்காரும்போதெல்லாம் நடுவுக்குக் கொண்டுவரணும். எத்தனை தடவை கத்தியிருப்பேன்! கடைசியில அந்தக் குமிழே இல்லாத பெட்டியா பாத்து வாங்கிட்டேன். குமிழ் குறைஞ்சா ஒலி சுத்தம், இல்லையா?"

"அப்படித்தான் சொல்லுவாங்க" என்றார் அந்த அம்மா. "எந்தப் பக்கம் தள்ளி வைப்பாங்க?"

"வலது பக்கம்."

"எப்பவுமேவா?"

"எப்பவும் வலதுதான். ஏன்?"

"தூசி தட்டுற கை அந்தப் பக்கமும் போகும், இந்தப் பக்கமும் போகுமே ஐயா." கொஞ்சம் தயங்கினார். "இந்தக் குமிழ் வேணும்னே தேடி வர்றவங்க உண்டு. ஒரு காது மந்தமானா, அந்தப் பக்கத்தைக் கொஞ்சம் கூட்டி வச்சுப்பாங்க. அப்பத்தான் பாடுறவங்க நடுவுல நிக்கிற மாதிரி இருக்கும்."

ரெக்கார்டு பாடிக்கொண்டே இருந்தது. அத்தான் என்னைத் திரும்பிப் பார்த்தார். இரண்டு பேருக்கும் ஒரே ஞாயிற்றுக்கிழமை ஞாபகம் வந்தது. நான் அவர்கள் வீட்டில் உதோன் நூடுல்ஸ் உறிஞ்சிக்கொண்டிருந்தேன். "அந்தப் பொண்ணு ஓரமா போய் நின்னு பாடுற மாதிரி இருக்குங்க" என்றாள் அக்காள். "ஸ்பீக்கர் சரி, ரெக்கார்டு சரி. உன் காதுதான் கோளாறு" என்றார் அத்தான். எல்லாரும் சிரித்தோம். அக்காளும் சிரித்தாள்.

அந்த இடத்திலேயே அவரை நாலு வார்த்தை கேட்டுவிட வேண்டும் போல ஆத்திரம் வந்தது எனக்கு. மனுஷன் தன் காதை அத்தனை பத்திரமாகப் பார்த்துக்கொண்டார், பக்கத்தில் இருந்தவள் காதைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை. ஆனால் அதற்குள் அவர் நாற்காலியை விட்டு எழுந்துவிட்டார்.

"இதையே கட்டிக் குடுங்க" என்றார் அத்தான். அந்தப் பெட்டியின் ஒலியை அவர் சரியாகக் கேட்கக்கூட இல்லை.

வீட்டில் அக்காள் சீமைப்பனிச்சைப் பழம் சீவிக்கொண்டிருந்தாள். ஒயர்களை மாட்டி முடித்ததும் அத்தான் அவளைக் கையைப் பிடித்து அழைத்து வந்து தன் நடு நாற்காலியில் உட்கார வைத்தார். வேறு யாரும் அதில் உட்கார்ந்து நான் பார்த்ததில்லை.

"இது உங்க இடமாச்சே" என்றாள் அக்காள்.

"உக்காரு." குமிழை வலது பக்கம் திருப்பி, முள்ளை வைத்தார். "இப்ப எங்க நிக்கிறா?"

அக்காள் குமிழைப் பார்த்தாள், அவரைப் பார்த்தாள். புரிந்துவிட்டது அவளுக்கு.

"இடது பக்கம்."

அவர் இன்னும் திருப்பினார். "இப்ப?"

"அங்கயேதாங்க."

அதற்கு மேல் திரும்பாது என்கிற வரை திருப்பிவிட்டு, குமிழிலிருந்து கையை எடுக்காமல் நின்றார்.

"அந்தக் காது போய் ரொம்ப நாளாச்சுங்க" என்றாள் அக்காள். குரலில் கோபமில்லை. கோபம் இருந்திருந்தால் எங்கள் இரண்டு பேருக்கும் சுலபமாக இருந்திருக்கும். "அப்ப கொஞ்சம் கேட்டுது. திருப்பி வச்சா போதும், நடுவுக்கு வந்துடுவா."

"ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே கினுயோ."

"சொன்னேனே."

அக்காள் எழுந்து வந்தாள். அவர் கையை மெதுவாக விலக்கிவிட்டு, குமிழைத் தானே நடுவுக்குக் கொண்டுவந்து நிறுத்தினாள்.

"நீங்களாவது ஒழுங்கா கேளுங்க. பழம் கறுத்துடும்" என்று சொல்லிவிட்டுச் சமையலறைக்குப் போனாள்.

பாட்டு ஓடிக்கொண்டிருந்தது. நான் சுவரோரம் நின்றேன். நாற்காலி காலியாகத்தான் இருந்தது. அத்தான் அதில் உட்காரவில்லை.