கௌசல்யாவுக்குத் தெரியாதது

என் வீட்டுக்காரர் கோமதிநாயகம் பட்டாளத்தில் பதினேழு வருஷம் இருந்தவர். கார்கில் பனியில் இரண்டு கை விரல்களும் மரத்துப்போய்த்தான் ஊர் திரும்பினார். அது எனக்குத் தெரியும். எவ்வளவு மரத்துப்போயின என்பது கரமனைப் பாலத்துக்கு அந்தப் பக்கம் குடியிருக்கும் கௌசல்யாவுக்குத்தான் தெரிந்திருந்தது. அந்த எரிச்சல் எனக்கு இன்னும் ஆறவில்லை.

கௌசல்யா ஒரு சுபேதாரின் விதவை. தன் பென்ஷனுக்காக ஆபீஸ் ஆபீஸாக ஏறி இறங்கி, சட்டமெல்லாம் படித்துக்கொண்டவள். ஊனப் பென்ஷன் கேட்கும் பட்டாளத்துக்காரர்களுக்கு அப்பீல் மனு எழுதிக் கொடுப்பாள். காசு வாங்கமாட்டாள். அதுவும் எனக்குப் பிடிக்கவில்லை. வாங்கியிருந்தால், கூலிக்குச் செய்கிறாள் என்று விட்டிருப்பேன்.

ஊனம் இருபது சதவீதமாவது இருந்தால்தான் பென்ஷன். மெடிக்கல் போர்டில் பெரிய டாக்டரைக் கண்டதும் இவர் விறைப்பாக நின்று, ஒரு கஷ்டமும் இல்லை சார் என்றாராம். பதினைந்து போட்டு அனுப்பிவிட்டார்கள். இனி ஒரே ஒரு அப்பீல்தான் பாக்கி. அதற்காக ஞாயிற்றுக்கிழமைதோறும் சவரம் செய்து, இஸ்திரி போட்ட சட்டையோடு அவள் வீட்டுக்குப் போனார். ஒருநாள் என்னையும் கூட்டிவரச் சொல்லியிருந்தாள்.

"சமாளிக்கேன்னு சொன்னா, சமாளிக்கட்டும்னு விட்டிருவாங்க அண்ணே" என்றாள் கௌசல்யா, மலையாளம் கலந்த தமிழில். "எது முடியலையோ அதைச் சொல்லணும். நல்ல நாளை விட்டுட்டு மோசமான நாளைச் சொல்லணும். பொய் வேண்டாம், உள்ளதை ஒளிக்காம இருந்தா மதி, அது போதும்."

அண்ணனாம். அந்த அண்ணனும் ஒளிக்காமல் கொட்டினார். சட்டைப் பொத்தான் போடுவதற்குள் அழுகை வருமாம். சில்லறை கையிலிருந்து விழுந்தால்கூடத் தெரியாதாம். டீ கிளாஸ் சுட்டதைக் கொப்புளம் பார்த்துத்தான் தெரிந்துகொள்வாராம். நான் கேட்டபோதெல்லாம் பேப்பரைத் தூக்கி முகத்துக்கு நேரே பிடித்த மனுஷன்.

"பூமாரிக்கு இதெல்லாம் அறியும் அல்லே?" என்று என்னைப் பார்த்துக் கேட்டாள்.

"பின்னே, அறியாம இருக்குமா?" என்றேன்.

திரும்பும்போது பாலத்தின் நடுவில் நின்றுவிட்டேன். "அவளுக்குத் தெரியாத ஒண்ணு எனக்குச் சொல்லுங்க. சொல்லாம நான் வரமாட்டேன்."

அவர் ஆற்றைப் பார்த்துக்கொண்டே சொன்னார்.

"போன வருஷம் பிள்ளைக்குக் காய்ச்சல் வந்துதே. நீ கடையிலேருந்து போன் பண்ணிக் கேட்டே. நெத்தியைத் தொட்டுப் பாத்தேன், காய்ச்சல் விட்டுட்டுன்னு சொன்னேன். எனக்குச் சூடும் தெரியலை, குளிரும் தெரியலை பூமாரி. சொல்ல வெக்கமா இருந்துது."

அந்தப் பேச்சை நம்பித்தான் பழவங்காடி ஜவுளிக்கடையில் சாயங்காலம்வரை சேலை மடித்துக்கொண்டிருந்தேன். வந்து பார்த்தபோது பிள்ளைக்கு ஜன்னி கண்டு கண் செருகியிருந்தது. ஆஸ்பத்திரியில் பிழைத்ததே பெரிய காரியம். இவரை அங்கேயே அறையவேண்டும்போல் இருந்தது. அழுகையும் வந்தது. அத்தனைக்கும் நடுவில் ஒரு சந்தோஷமும் இருந்தது. இது அவளுக்குத் தெரியாது.

அடுத்த ஞாயிறு கௌசல்யா மனுவை வாசித்துக் காட்டிவிட்டு, பேனாவைத் திறந்தபடியே வைத்திருந்தாள்.

"இது போதுமான்னு சம்சயம்தான். இந்தக் கையால வீட்டில யாருக்காவது ஆபத்து வந்ததுண்டா? அப்படி ஒண்ணு இருந்தா இருபதைத் தாண்டிரும்."

"இல்லை" என்றேன்.

"அண்ணன் சொல்லட்டு."

அவர் என்னைப் பார்த்தார். நான் கண்ணை எடுக்கவில்லை.

"அவ சொன்னதுதான். அப்படி ஒண்ணும் நடக்கலை" என்றார்.

கௌசல்யா பேனாவை மூடினாள். தெருவில் இறங்கியதும் அவர் கையைப் பிடித்துக்கொண்டேன். பாலம்வரைக்கும் விடவில்லை. பிடித்திருப்பது தெரிகிறதா என்று மட்டும் கேட்கவில்லை.