சிம்னிக்கு அடித்த சாம்பல் நிறம்

கார் பட்டறையில் பெயிண்ட் அடிக்கிறவனுக்கு ஓர் அக்கா இருந்தாள். வீட்டிலேயே சமைத்து, சுற்றுவட்டாரத்து அலுவலகங்களுக்கு மதியச் சாப்பாடு டப்பாவில் போட்டு அனுப்புகிறவள். தினமும் நாற்பது டப்பா. கூடமாட வேலை செய்ய ஓர் அம்மாள் வருவார். ஆறரை என்றால் ஆறரைக்கு வந்து நிற்பதால் அக்கா அவருக்கு வைத்த பெயர் கடிகாரம்மா. அந்தப் பெயரில் அவருக்கும் உள்ளூரக் கொஞ்சம் பெருமைதான்.

அடுப்புக்கு மேலே தொங்கிய இரும்பு சிம்னி அரதப் பழசு. விளிம்பு முழுக்கத் துரு. உள்பக்கம் எண்ணெய்ப் பிசுக்கு மஞ்சள் மஞ்சளாக உறைந்து கிடந்தது. ஒரு நல்ல பெயிண்டாக அடித்துக் கொடுடா என்று அக்கா ரொம்ப நாளாகக் கேட்டுக்கொண்டிருந்தாள். அவனும், காருக்கே அடிக்கிற கை, இந்தத் தகரத்துக்கு அடிக்காதா என்று சொல்லிச் சொல்லியே நாளைக் கடத்தினான்.

ஒருவழியாக ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம் வந்தான். செய்ய வேண்டிய முறை அவனுக்கு அத்துபடி. சிம்னியைக் கழற்றிச் சோடா உப்பு போட்ட வெந்நீரில் பிசுக்கு போக ஊறவைக்க வேண்டும். உப்புத்தாளில் துருவைத் தேய்த்து எடுக்க வேண்டும். அடிப்பூச்சாகப் பிரைமர் அடித்து ஒரு நாள் காயவிட்டு, அப்புறம் சூடு தாங்குகிற பெயிண்ட்டை மெல்லிசாக இரண்டு கை அடிக்க வேண்டும். மூன்று நாள் வேலை. ஆனால் நான்கு மணிக்கு நண்பன் வீட்டு டிவியில் மேட்ச். எல்லோரும் அங்கே கூடியிருப்பார்கள்.

ஈரத்துணியால் ஒரு துடை துடைத்தான். பட்டறையில் யாரோ ஒருவரின் காருக்கு அடித்து மிஞ்சிய சாம்பல் நிறப் பெயிண்ட் அரை டின் இருந்தது. அதை ஊற்றி, தொங்கிய இடத்திலேயே சரசரவென்று அடித்து முடித்தான். அதுக்குள்ளயா முடிஞ்சுது என்று அக்கா ஆச்சரியப்பட்டதற்கு, எல்லாம் கைப்பழக்கம் என்றான். மறுநாள் கடிகாரம்மா அண்ணாந்து பார்த்துவிட்டு, கடையில் புதிதாக வாங்கி மாட்டியது போலவே இருக்கிறது என்று மனசாரப் பாராட்டினாராம். அக்கா போனில் சொன்னபோது அவனுக்குத் தலைகால் புரியவில்லை.

பத்து நாள் கழித்து ஒரு பல் டாக்டரின் சாப்பாட்டில் நகம் அளவுக்கு ஒரு சாம்பல் நிறச் சில்லு கிடந்தது. அது அவர் பல்லிலேயே போய் மாட்டியது. அவர் பக்கத்து அலுவலகத்தில் சொல்ல, அவர்கள் அதற்கடுத்த அலுவலகத்தில் சொல்ல, ஒரே மதியத்தில் பதினோரு பேர் நாளையிலிருந்து வேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள். அக்கா போன் போட்டதும் அவன் வேலையை அப்படியே போட்டுவிட்டு ஓடிவந்தான்.

பார்த்த மாத்திரத்தில் புரிந்துவிட்டது. உள்விளிம்பு நெடுகப் பெயிண்ட் கொப்புளம் கொப்புளமாகக் கிளம்பி உரிந்திருந்தது. உரிந்த இடத்தில் பழைய பிசுக்கு அசையாமல் பளபளத்தது.

"என்னடா ஆச்சு இதுக்கு?" என்றாள் அக்கா. அவள் கண் சிவந்திருந்தது. மூலையில் உட்கார்ந்து காய் நறுக்கிக்கொண்டிருந்த கடிகாரம்மாவும் நிமிர்ந்து பார்த்தார்.

ஒரு நொடிதான். அந்த ஒரு நொடியில் அவன் வாய் அவனைக் கேட்காமலே திறந்தது.

"யாரோ கம்பிநார் போட்டுத் தேய்ச்சிருக்காங்கக்கா. இல்லன்னா இப்படி உரியாது."

அந்தச் சமையலறையில் புழங்குவது இரண்டே பேர். யாரோ என்றால் வேறு யார்? அக்கா திரும்பினாள். நான் தேய்க்கலம்மா என்று கடிகாரம்மா சொன்னது அவள் காதில் ஏறவில்லை. பதினோரு பேரிடம் வாங்கிக் கட்டிக்கொண்ட ஆத்திரமெல்லாம் ஒரே ஆளின் தலையில் இறங்கியது. வார்த்தை தடித்தது. நாளையிலிருந்து வர வேண்டாம் என்பதில் போய் முடிந்தது.

கடிகாரம்மா மிச்சக் காயையும் நறுக்கி முடித்தார். தட்டைப் போட்டு மூடினார். கத்தியைக் கழுவி வைத்தார். செருப்பை மாட்டிக்கொண்டு, எப்போதும் போல, "வரேன் தம்பி" என்றார். அவன் தலையை ஆட்டினான். அந்தத் தலையாட்டலை நினைக்கும்போதெல்லாம் பிற்பாடு அவனுக்கு உடம்பு கூசியது.

நான்கு நாள் பட்டறையில் அவனுக்கு வேலை ஓடவில்லை. உப்புத்தாளைக் கையில் எடுத்தாலே முகம் சுட்டது. என்னப்பா, மூஞ்சில ஈயாடல என்று முதலாளி கூடக் கேட்டுப் பார்த்தார். ஐந்தாம் நாள் லீவு போட்டுவிட்டு அக்காவுக்கு ஒத்தாசை செய்யப் போனான். அவள் தனியாளாக இருபத்தொன்பது டப்பாவோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தாள். சிம்னியின் வாயில் பழைய துணியைக் கட்டிவைத்திருந்தாள். அவன் உட்கார்ந்து வெங்காயம் உரித்தான்.

"பதினோரு வருஷமா வந்தவங்க," என்று அக்காவாகவே ஆரம்பித்தாள். "ஆமாம்மா, தெரியாம தேய்ச்சுட்டேன்னு ஒரு வார்த்தை சொல்லியிருந்தா விட்டிருப்பேன்டா. தப்புகூடப் பரவாயில்ல. பொய் சொன்னாங்க பாரு, அதுதான் எனக்குத் தாங்கல."

அவன் கையிலிருந்த வெங்காயத்தைக் கீழே வைத்தான்.

"அவங்க பொய் சொல்லலக்கா."

பிறகு ஒவ்வொன்றாக வெளியே வந்தது. ஈரத்துணி, மிஞ்சிப்போன அரை டின், நான்கு மணி மேட்ச். அக்கா அடுப்பை அணைத்தாள். திட்டுவாள், அடித்தாலும் அடிப்பாள் என்று குனிந்த தலை நிமிராமல் காத்திருந்தான். அவள் கேட்டது ஒன்றே ஒன்றுதான்.

"மேட்ச்ல யாருடா ஜெயிச்சா?"

யார் ஜெயித்தார்கள், எத்தனை வித்தியாசத்தில் ஜெயித்தார்கள் எல்லாமே அவனுக்கு நன்றாக ஞாபகம் இருந்தது.

அன்றைக்குச் சாப்பாடு கிடையாது என்று அக்கா எல்லா அலுவலகத்துக்கும் போன் செய்தாள். வீட்டைப் பூட்டினாள். அவனை முன்னால் நடக்கவிட்டுப் பின்னால் வந்தாள்.

கடிகாரம்மா குடியிருந்தது ஒரு மாடியில், ஒற்றை அறையில். சலவை நிலையம் ஒன்றில் போர்வைகளுக்கு இஸ்திரி போடும் வேலை கிடைத்திருந்ததாம். கிளம்பத் தயாராகத் தலை வாரிக்கொண்டிருந்தார். அக்கா உள்ளே போனதும் அவருடைய இரண்டு கையையும் பிடித்துக்கொண்டு அழுதுவிட்டாள். அவர் அக்காவுக்கு நாற்காலியை இழுத்துப் போட்டார். அவனை உட்காரச் சொல்லவில்லை. அவன் நிலைப்படியில் நின்றபடி, தான் செய்ததைத் திக்கித் திணறிச் சொல்லி முடித்தான்.

அவர் சீப்பில் சிக்கிய முடியை எடுத்துப் போட்டார்.

"கம்பிநார் பட்டா என் கை புண்ணாயிடும். அந்த வீட்ல ஒரு நாளும் நான் அதைத் தொட்டதில்ல. என்னை ஒரு வார்த்தை கேட்டிருந்தா கையைக் காட்டியிருப்பேன். யாரும் கேக்கலயே."

அது அக்காவுக்கும் சேர்த்துத்தான். அக்கா தலையைக் குனிந்துகொண்டாள். திரும்பி வர முடியுமா என்று கேட்டதற்கு, மாசக் கடைசி வரை வருவதாக அங்கே ஒத்துக்கொண்டாகிவிட்டது, அது முடிந்ததும் பார்க்கலாம் என்றார். படியிறங்கி அவர்களுக்கு முன்பாகவே வேலைக்குப் போய்விட்டார்.

அந்த வாரம் அவன் சிம்னியைக் கழற்றினான். சோடா உப்பு வெந்நீரில் ஒரு நாள் முழுக்க ஊறவைத்தான். தன் பெயிண்ட்டைத் தானே சுரண்டினான். வெறும் இரும்பு தெரிகிற வரைக்கும் தேய்த்ததில் விரல்கணு தோலுரிந்தது. பிரைமர் காய ஒரு நாள், பெயிண்ட் காய ஒரு நாள், வாடை போக இன்னும் இரண்டு நாள். அக்கா வேளாவேளைக்குச் சோறு போட்டாள். பேச்சு மட்டும் இல்லை. வேண்டாம் என்ற பதினோரு பேரையும் அவனே நேரில் போய்ப் பார்த்து, தப்பு தன்னுடையது என்று சொன்னான். பல் டாக்டர் விழுந்து விழுந்து சிரித்தார். அவனுக்கு அது அடி வாங்கியதைவிட மோசமாக இருந்தது. ஏழு பேர் மறுபடி டப்பா கேட்டார்கள்.

அடுத்த மாசம் முதல் தேதி கடிகாரம்மா வந்தார். சிம்னிக்குப் புதிதாக வாங்கிய எண்ணெய் வடிகட்டியை மாட்ட அவனும் வந்திருந்தான். அவர் அண்ணாந்து பார்த்து, சிம்னியின் உள்விளிம்பில் விரலை ஓட்டி, விரலை மோந்து பார்த்தார். நன்றாக இருக்கிறது என்றோ இல்லை என்றோ சொல்லவில்லை. "கொஞ்சம் தள்ளுங்க" என்று அவனை விலக்கிவிட்டு அடுப்பைப் பற்றவைத்தார்.

தொட்டி நிறையக் கழுவிய டப்பாக்கள் இருந்தன. அவன் ஒரு துணியை எடுத்துவந்து ஒவ்வொன்றாகத் துடைத்து அடுக்கத் தொடங்கினான். வேண்டாம் என்று யாரும் சொல்லவில்லை.