பிஸ்கட் கேட்காத மியென்

திருமதி ரீடல் பிஸ்கட் டப்பாவை மேசைமேல் வைத்து மூடியை இறுக்கினார். கண்ணாடி டப்பா. உள்ளே இருப்பது தெரியும், சின்னக் கைகளால் திறக்க முடியாது.

"மியென், உனக்கு என்ன வேணும்?"

என் மகள் டப்பாவைப் பார்த்தாள். பிறகு ஜன்னலோரம் நின்றிருந்த என்னைப் பார்த்தாள். கைகள் முழங்கால்மேல் இருந்தன. வாய் திறக்கவில்லை.

"என்ன வேணும்னு சொன்னா திறந்து தரேன். ஒரு வார்த்தை போதும்."

திருமதி ரீடல் காத்திருந்தார். அவர் நன்றாகக் காத்திருப்பார், அதற்குப் படித்தவர். வெளியே டிராம் ஒன்று போயிற்று. லைப்சிக் நகர டிராம்களுக்கு நேர அட்டவணை போடுவது என் வேலை. அந்த வண்டி தாமதம் என்பது எனக்குத் தெரிந்தது. அந்த அறையில் எனக்குத் தெரிந்தது அவ்வளவுதான்.

குளிர்காலம் முடிந்ததிலிருந்து மியெனைத் திருமதி ரீடலிடம் பேச்சுப் பயிற்சிக்கு அழைத்து வருகிறேன். எனக்கென்று ஒரு நாற்காலி போட்டிருந்தார்கள். நான் அதில் உட்கார்ந்ததில்லை. என் மனைவி லுயென் இறந்த பிறகு எனக்கு உட்கார வரவில்லை. உட்கார்ந்தால் ஏதோ அடுப்பில் வைத்துவிட்டு வந்ததுபோல் எழுந்துவிடுகிறேன். அலுவலகத்தில்கூட மேசையை உயர்த்தி, நின்றபடிதான் வேலை. முதுகுக்கு நல்லது என்று பாராட்டினார்கள்.

மியென் படம் வரைய மூலைக்குப் போனாள். திருமதி ரீடல் குரலைத் தாழ்த்தினார்.

"வர்ற ஆகஸ்ட்ல அவ ஒண்ணாவது சேரணும். ஒரு பொருளைக் கேட்டு வாங்கத் தெரியல. கேள்வியே கேக்கறதில்ல. என் முகத்தைப் பாக்கறதில்ல. சாதாரணப் பள்ளிக்கூடத்துல ரொம்பத் திணறிடுவா. பேச்சுக் கோளாறு இருக்கற பிள்ளைங்களுக்குன்னு ஒரு பள்ளிக்கூடம் இருக்கு, ஊருக்கு அந்தப் பக்கம். காலையில வேன் வந்து கூட்டிட்டுப் போகும். திங்கட்கிழமை என் சிபாரிசை அனுப்பணும். உங்களுக்குச் சம்மதந்தானே?"

தலையாட்டினேன்.

"நான் சொல்றது புரியுதில்ல?"

"புரியுது. ரொம்ப நன்றி."

வியட்நாமிலிருந்து ஜெர்மனிக்கு வந்த பெற்றோருக்கு நான் இந்த ஊரில் பிறந்தவன். இங்கேயே படித்து இன்ஜினியர் ஆனவன். இருந்தும் படித்த பெரியவர் ஒருவர் எதிரில் பேசினால் என் தலை தானாக ஆடும். கேட்டுக்கொண்டேன், உங்கள்மேல் மரியாதை உண்டு என்பதற்குமேல் அதில் ஒன்றும் கிடையாது. என் அப்பாவின் தலையும் அப்படித்தான் ஆடும். எதிரில் இருக்கும் ஜெர்மன்காரர் அதைச் சம்மதம் என்று எழுதிக்கொள்வார். திருமதி ரீடலும் எழுதிக்கொண்டார்.

"அப்புறம், ஒரு தடவை வீட்டுக்கு வந்து அவளைப் பாக்கணும்னு சொல்லியிருந்தேன்."

"கண்டிப்பா" என்றேன். முன்பு கேட்டபோதெல்லாம் அதையேதான் சொல்லியிருந்தேன்.

எங்கள் தெருமுனையில் ஒரு பள்ளிக்கூடம் இருக்கிறது. மியெனின் தோழி டில்டா அங்கேதான் சேரப்போகிறாள். மியென் டில்டாவோடு மட்டும் பேசுவதாக மழலையர் பள்ளியில் சொன்னார்கள். அவர்கள் காதால் கேட்டதில்லை. டில்டா சொன்னதுதான் ஆதாரம்.

மியெனை டில்டா வீட்டில் விட்டுவிட்டு தோவா அக்காவின் கடைக்குப் போனேன். அவள் லுயெனின் அக்கா. ரயில் நிலையத்துக்குப் பின்னால் நகத்துக்குச் சாயம் பூசும் கடை வைத்திருக்கிறாள். ஒரு ஜெர்மன் பெண்ணின் விரலைப் பிடித்து ராவிக்கொண்டிருந்தாள். முகமூடிக்குமேல் கண்கள் மட்டும் வாடிக்கையாளரைப் பார்த்துச் சிரித்தன. பேச்சு வியட்நாமியத்தில் என்னோடு.

"என்ன சொன்னாங்க அந்தம்மா?"

சொன்னேன்.

"நீ என்ன சொன்ன?"

"ஒண்ணும் சொல்லலக்கா."

"தலையாட்டினியா?"

கடைக்குள் இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் நடந்தேன்.

"ஆட்டியிருக்க. அந்தத் தலையைக் கழட்டி டாக்சிக்காரன்கிட்ட குடுத்தா முன்கண்ணாடிகிட்ட வெச்சுக்குவான். வண்டி குலுங்கறப்பல்லாம் ஆடும்."

"அவங்க படிச்சவங்க. தெரியாமலா சொல்வாங்க?"

"என் தங்கச்சி பொண்ணு ரெண்டு வயசுல என்னையே பேச்சுல மடக்கினவ. அவளை வேன்ல ஏத்தி அனுப்பறதுக்கு இவர் சம்மதம் குடுத்துட்டு வந்திருக்கார். முதல்ல நடக்கறத நிறுத்து. தரை தேயுது."

அந்தப் பெண், என்ன பேசுகிறீர்கள் என்று கேட்டாள்.

"இந்த நிறம் உங்க கைக்கு எடுப்பா இருக்குன்னு தம்பி சொல்றான்" என்றாள் அக்கா ஜெர்மனில். பிறகு என் பக்கம் திரும்பினாள். "சனிக்கிழமை லுயெனுக்கு முதல் தெவசம். அந்தம்மாவைச் சாப்பிடக் கூப்பிடு."

"தெவசத்துக்கா? அவங்களுக்கு ஒரு மாதிரி இருக்கும்க்கா."

"சோறு போடறோம். சோத்துல என்ன ஒரு மாதிரி? நீ பேசறியா, நான் பேசட்டா? என் ஜெர்மனைக் கேட்டா அவங்க எனக்கும் சேர்த்து டப்பாவைத் தூக்கிட்டு வந்துடுவாங்க."

நானே போன் செய்தேன். திருமதி ரீடல் உடனே ஒப்புக்கொண்டார். எனக்குத்தான் அதற்குப் பிறகு இருப்புக்கொள்ளவில்லை. வெள்ளிக்கிழமை முழுதும் துடைத்த இடத்தையே துடைத்தேன்.

சனிக்கிழமை காலையிலேயே அக்கா பாத்திரங்களோடு வந்து சமையலறையைப் பிடித்துக்கொண்டாள். கூரையிலிருந்த புகை எச்சரிக்கை மணி கத்தாமலிருக்க அதற்குக் குளியல் தொப்பி ஒன்றை மாட்டினாள். லுயெனின் படத்துக்கு முன்னால் முழுக்கோழி, சிவப்பு ஒட்டரிசிச் சோறு, மூங்கில் குருத்துச் சூப், இறைச்சி வைத்துப் பொரித்த நெம் சுருள்கள் எல்லாம் வைத்து ஊதுபத்தி ஏற்றினோம். ஊதுபத்தி எரிந்து முடிவதற்குள் நான் பால்கனிக்கும் வாசலுக்கும் பலமுறை போய்வந்தேன்.

திருமதி ரீடல் ஒரு பூந்தொட்டியோடு வந்தார். எங்கள் செருப்புகளைப் பார்த்துவிட்டுத் தானும் ஷூவைக் கழற்றினார். ஒரு காலுறையில் கட்டைவிரல் வெளியே தெரிந்தது. அந்தக் காலை இன்னொரு காலுக்குப் பின்னால் வைத்துக்கொண்டார்.

படையலை இறக்கி மேசைக்குக் கொண்டுவந்தோம். நான்கு நாற்காலிகள். அக்கா, திருமதி ரீடல், மியென் உட்கார்ந்தார்கள். நான் சூப் ஊற்றினேன். தொட்டுக்கொள்ள மீன் சாறு எடுத்து வந்தேன். கை துடைக்கும் துணியை எடுத்துவரப் போனேன்.

திருமதி ரீடல் எல்லோரையும் பார்த்து, "நல்லாச் சாப்பிடுங்க" என்று ஜெர்மனில் வாழ்த்திவிட்டு ஒரு நெம்மைச் சாப்பாட்டுக் குச்சிகளால் எடுத்துக் கடித்தார். யாரும் சாப்பிடவில்லை. மெல்வதை நிறுத்தினார். கடித்த பாதியை மெதுவாகக் கிண்ணத்தில் வைத்தார். கழுத்துவரை சிவந்துவிட்டது.

மியெனின் கைகள் முழங்கால்மேல் இருந்தன. அவள் நெம்மைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள்.

"என் ரூம்லயும் இப்படியேதான் உக்காருவா" என்றார் திருமதி ரீடல். "இப்ப எதுக்காகக் காத்திருக்கா?"

"இவனுக்காக" என்றாள் அக்கா, அவளுடைய ஜெர்மனில். "எங்க வீட்டுல சின்னது பெரியவங்களை ஒவ்வொருத்தரா சாப்பிடக் கூப்பிடணும். மூத்தவங்க முதல்ல. எல்லாரையும் கூப்பிட்டாத்தான் அது வாயில வைக்கலாம். பெரியவர் இங்க பரிமாறறவன் மாதிரி சுத்திக்கிட்டிருந்தா அது யாரைக் கூப்பிடும்? ஒரு வருஷமா இவன் நின்னுக்கிட்டேதான் தின்றான்."

கையில் துணியோடு நின்றேன். இந்த வருஷம் முழுக்க மியெனுக்கு மேசையில் சோறு வைத்துவிட்டு நான் அடுப்பு மேடையில் சாய்ந்து சாப்பிட்டேன். ஒவ்வொரு வேளையும் அவள் கொஞ்ச நேரம் என்னையே பார்த்துக்கொண்டிருப்பாள். சோறு சூடாக இருக்கிறது போலும் என்று நினைத்திருந்தேன். "சாப்பிடு" என்பேன். சாப்பிடுவாள்.

மிச்சமிருந்தது லுயெனின் நாற்காலி. அதன் ஒரு கால் குட்டை. பழைய டிராம் டிக்கெட்டை மடித்து அவள் முட்டுக் கொடுத்திருந்தாள். உட்கார்ந்தபோது லேசாக ஆடி, பிறகு நின்றது.

மியென் நிமிர்ந்தாள். வாயைத் திறந்து, மூடிக்கொண்டாள். அக்காவின் பக்கம் சாய்ந்து அவள் காதில் ஏதோ சொன்னாள். அக்கா சிரித்துவிட்டாள்.

"உங்களுக்கு என்ன வயசுன்னு கேக்கறா."

"எனக்கா? அம்பத்தஞ்சு" என்றார் திருமதி ரீடல்.

"அட, என்னைவிட மூத்தவங்க. பாத்தா நான்தான் கிழவி." அக்கா மியெனிடம் சொன்னாள். "அவங்கதான் முதல்ல."

மியென் கைகளை மார்பில் கட்டிக்கொண்டாள். குரல் சின்னதாக, ஆனால் தடுமாறாமல் வந்தது.

"டீச்சர் பெரியம்மா, சாப்பிடுங்க. பெரியம்மா, சாப்பிடுங்க. அப்பா, சாப்பிடுங்க." பிறகு படத்தைப் பார்த்துவிட்டு, தகவல் சொல்வதுபோல் சேர்த்துக்கொண்டாள். "அம்மா முதல்லயே சாப்பிட்டாச்சு."

நான் மொழிபெயர்த்தேன். என் குரல் அலுவலகத்தில் அறிக்கை வாசிப்பதுபோல் இருந்தது. திருமதி ரீடல் குச்சிகளைக் கீழே வைத்தார்.

"யார் மூத்தவங்கன்னு விசாரிச்சு, வரிசைப்படுத்தி, ஆளுக்கு ஒண்ணா முழு வாக்கியம் சொல்றா. நான் டப்பாவை மூடி வெச்சுக்கிட்டு அவ கேக்கட்டும்னு உக்காந்திருந்தேன்."

"கேக்கவே மாட்டா" என்றாள் அக்கா. "வெளியாள் முன்னாடி தின்பண்டம் கேட்டா லுயென் வீட்டுக்கு வந்து தோலை உரிச்சிருப்பா."

"அப்ப நான் டப்பாவை அவகிட்ட குடுத்திருக்கணும்."

"குடுத்துப் பாருங்க. உங்களுக்கு ஊட்டியே விடுவா."

அதற்குள் மியென் ஒரு நெம்மை எடுத்துத் திருமதி ரீடலின் கிண்ணத்தில், கடித்த பாதிக்குப் பக்கத்தில் வைத்தாள். பிறகுதான் தனக்கு எடுத்தாள்.

வாசலில் ஷூவை மாட்டிக்கொண்டே திருமதி ரீடல் கேட்டார்.

"பள்ளிக்கூட விஷயத்துல நீங்க சம்மதம் சொல்லியிருக்கீங்க. இல்லையா?"

என் தலை ஆடத் தொடங்கியது. பிடரியில் கையை வைத்து அழுத்தினேன்.

"இல்ல. எனக்குச் சம்மதமில்ல."

"அன்னிக்குத் தலையாட்டினீங்களே?"

"நீங்க சொன்னதைக் கேட்டுக்கிட்டேன். அதுக்குத்தான்."

அவர் ஷூ நாடாவைக் கட்டி முடித்து நிமிர்ந்தார். கோபம் வரும் என்று நினைத்தேன்.

"இன்னிக்கு ஒரு வேளைச் சாப்பாட்டை வெச்சு நான் எதையும் மாத்தி எழுத முடியாது. ஜெர்மன்ல அவ ரொம்பப் பின்னாடி இருக்கா. சில ஒலிகள் வாயில வரவேயில்ல. அதெல்லாம் நிஜம். ஆனா திங்கட்கிழமை எதுவும் அனுப்ப மாட்டேன். உங்க மொழி தெரிஞ்ச ஒருத்தரை வெச்சு மறுபடியும் பரிசோதனை பண்றேன். நீங்களும் இருக்கணும். உக்காந்து."

"சரி."

"இந்தச் சரி எந்தச் சரி?"

யோசித்தேன். "நாளைக்கு இன்னொரு தடவை கேளுங்க. அப்பவும் சரின்னா சரி."

அவர் சிரிக்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை என்றும் பாராமல் மறுநாள் போன் செய்து கேட்டார். சரி என்றேன்.

அன்று மாலை மிஞ்சிய மூங்கில் குருத்துச் சூப்பைச் சூடாக்கினேன். மியெனுக்கு மேசையில் வைத்தேன். என் கிண்ணத்தோடு அடுப்பு மேடைப் பக்கம் திரும்பிவிட்டேன். பின்னாலிருந்து குச்சிச் சத்தம் வரவில்லை. போய் உட்கார்ந்தேன். மேசைக்கடியில் என் முழங்கால் நிற்காமல் ஆடியது.

"அப்பா, சாப்பிடுங்க."

சாப்பிட்டோம். பாதிக் கிண்ணத்தில் அவள் நிறுத்தினாள்.

"டில்டா கேட்டா, நானும் அவளும் ஒரே பள்ளிக்கூடமான்னு."

"நீ என்ன சொன்ன?"

"தலையாட்டினேன்."

முழங்காலைக் கையால் பிடித்து நிறுத்தினேன்.

"எதுக்கு ஆட்டின? கேட்டுக்கிட்டேன்னா, ஆமான்னா?"

"ஆமான்னுதான்" என்றாள் மியென். அப்பாவுக்கு இதுகூடத் தெரியவில்லையே என்பதுபோல் பார்த்துவிட்டு, சூப்பிலிருந்த மூங்கில் துண்டு ஒன்றை என் கிண்ணத்துக்கு மாற்றினாள்.