பாண்டிதுரை இன்னும் பேசவில்லை

1

இந்தக் கதை திருவில்லிபுத்தூரில் ஒரு டீக்கடையில் என் காதில் விழுந்தது. எனக்குக் கதைகள் முகமாகவோ இடமாகவோ வருவதில்லை, பேச்சாகத்தான் வரும். ராஜபாளையம் பஸ்ஸுக்காக உட்கார்ந்திருந்தேன். மைசூர் வரை சைக்கிளில் போய்த் திரும்புகிற ராஜபாளையத்துக் கூட்டம் ஒன்று வந்து இறங்கியது. ஆளாளுக்குப் போனை எடுத்தார்கள்.

"திருவில்லுத்தூர் வந்துட்டோம், உலை வையி."

"அரிசி செத்த கூடவே போடு."

பக்கத்தில் ஒரு பெண், ஐம்பது வயதிருக்கும், அவளும் பேசினாள். "ம்... ரசம் மட்டும் போதும். ஆமா, கறுத்துத்தான் போனேன்." சிரித்தாள். அப்படிச் சிரித்துக்கொண்டிருக்கும்போதே காதில் வைத்திருந்த அந்தப் போன் மணியடித்தது.

2

முதலில் இப்படித் தொடங்கினேன்: மலைமேல் மேகம் இறங்கிய அந்த மாலையில் கனகலட்சுமி தன் கணவரை

அந்த வரியை அடித்துவிட்டேன். கணவரைப் பற்றி எனக்கு என்ன தெரியும்? போனில் சிரித்த பெண்ணுக்குக் கனகலட்சுமி என்று வைத்ததுபோல அவருக்குப் பாண்டிதுரை என்று பெயர் வைத்தேன். மில்லில் வேலை கொடுத்தேன். தளவாய்புரத்துக்கு நைட்டி தைத்துக் கொடுக்கும் கனகலட்சுமி சைக்கிளை எடுத்த அன்று அவர் சொன்னது மட்டும் கேட்டது: "போனா, திரும்பி இந்த வாசல மிதிக்காத."

அவள் போனாள். அதற்குப் பிறகு அவரும் கூப்பிடவில்லை, அவளும் கூப்பிடவில்லை. தினமும் சாயங்காலம் மற்றவர்களிடம் "வீட்டுக்குப் பேசிட்டேன்" என்றாள்.

(ஒரு சைக்கிளுக்கு இவ்வளவு கோபமா என்பீர்கள். நானும் அவரிடம் கேட்டுப் பார்த்தேன். எல்லோரும் என்னிடம் வாயாடுகிற இந்தக் கதையில் அவர் ஒருவர்தான் மூச்சு விடவில்லை.)

3

திருவில்லிபுத்தூரிலிருந்து உலை வைக்கச் சொல்வது அந்தக் குழுவின் வழக்கம்.* மெதுவாக மிதிப்பவரை முன்னால் விடுவதும் வழக்கம்; அவரை யாரும் முந்தக் கூடாது. ஆகவே கனகலட்சுமி முன்னால் போனாள்.

வெயில் மலைக்குப் பின்னால் போய்விட்டது. தென்னந்தோப்புகளுக்குள்ளிருந்து ஈரக்காற்று வந்தது. ஊர் நெருங்க நெருங்கக் கால் கனக்கும் என்று நினைத்திருந்தாள். அதுவோ லேசாகிக்கொண்டே வந்தது. சக்கரம் தரையைத் தொடுகிறதா என்றுகூடச் சந்தேகம். அதுதான் அவளுக்குப் பயமாக இருந்தது.

என்னால் முடிந்த உதவியைச் செய்தேன். சாலையை நீட்டினேன். அந்த வழியில் இல்லாத ஒரு கண்மாயை வைத்து, மலையைத் தலைகீழாக அதில் இறக்கி, நாலைந்து நாரைகளையும் விட்டேன். கரை வளைந்துகொண்டே போனது.

"இங்க ஏதுக்கா கண்மா?" என்றாள் பின்னால் வந்த ஜவுளிக்கடை மாஜிதா.

"இருந்துட்டுப் போகுது. நல்லாத்தான இருக்கு."

"நல்லாத்தான் இருக்கு. எம்புட்டு நேரம் இதையே சுத்துவ?"

* முதல் பயணத்தில் சொல்லாமல் வந்து இறங்கியிருக்கிறார்கள். எல்லா வீட்டிலும் பூட்டு. எல்லோரும் ஒரே கல்யாணத்துக்குப் போயிருந்தார்கள். குழுத் தலைவர் கௌதம்ராஜ் பன் தின்றுவிட்டுத் தன் வாசலிலேயே படுத்தாராம்.

4

மாஜிதா சைக்கிளைப் பக்கத்தில் கொண்டுவந்தாள்.

"டீக்கடையில யாருகிட்ட பேசுன?"

"அவியகிட்டத்தான்."

"பேசையிலயே போன் அடிச்சுச்சே."

கனகலட்சுமி வேகமாக மிதிக்கப் பார்த்தாள். மாஜிதா விடாமல் கூடவே வந்தாள்.

"சத்தியமங்கலத்துல அவியளுக்குக் காய்ச்சல்ன்ன. ஈரோட்டுல மாத்திர போட்டாச்சுன்ன. இல்லாத காய்ச்சலுக்கு நா துவா வேற கேட்டேன்."

கனகலட்சுமிக்குச் சிரிப்பு வந்தது. வந்த சிரிப்பு நிற்கவில்லை. கண்ணைத் துடைக்க ஒரு கையை எடுத்ததில் ஹேண்டில் ஆடியது.

"கூப்புட்டு, எடுக்கலன்னா?"

"எடுக்கலன்னா எங்க வீட்ல சோறு இருக்கு. அது பெரிசில்ல. எடுத்துட்டா என்ன பேசுவன்னு யோசி."

5

முடிவு ஒன்று: வாசல் திறந்திருந்தது, உள்ளே (இது என் ஆசை. வேண்டாம்.)

முடிவு இரண்டு: அன்று ராத்திரி மாஜிதா வீட்டில் சாப்பிட்டாள். மறுநாள் காலையில் (அந்தக் காலையை என்னால் நினைக்க முடியவில்லை.)

கண்மாயை அழித்தேன். நாரைகள் எழுந்து போயின. சாலை உள்ளபடி நேரானது. ராஜபாளையத்தின் முதல் விளக்குகள் தெரிந்தன. கனகலட்சுமி ஒரு காலை ஊன்றி நின்றாள். பின்னால் எல்லோரும் ஒரு காலை ஊன்றினார்கள்.

இந்த முறை நிஜமாகவே கூப்பிட்டாள். நெடுநேரம் அடித்தது. எடுத்தார்.

"நாந்தாங்க. ஊருக்குள்ள வந்துட்டேன். உலை வைக்கச் சொல்லல, நா வச்சுக்கிடுவேன். வரட்டுமான்னும் கேக்கல. வாரேன்னு சொல்லத்தான் கூப்புட்டேன்."

அந்தப் பக்கம் ஃபேன் ஓடுகிறது. அவர் மூச்சு கேட்கிறது. குரல் எனக்கு இன்னும் வரவில்லை. இப்படிப்பட்ட மனிதர் ஒருவர் உங்கள் வீட்டில் இருக்கலாம். அவர் வாயைத் திறந்தால் முதலில் என்ன வரும் என்று உங்களுக்குத் தெரிந்திருக்கும். நல்ல வார்த்தையாகத்தான் இருக்க வேண்டும் என்றில்லை. அதை இங்கே நீங்களே எழுதிவிடுங்கள். ஆனால் தாமதிக்காதீர்கள். போனைக் காதில் வைத்தபடியே அவள் பெடலில் கால் வைத்துவிட்டாள், அவர் சொல்கிறார்:

"